புது டிவி கடையில் இருந்த மாதிரி வீட்டில் ஏன் தெரிவதில்லை, அதை எப்படிச் சரி செய்வது

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக முதலில் வைத்துவிடுகிறேன், இதே சிக்கலோடு வருகிற மற்றவர்களுக்கும் புரியட்டும். 55 இஞ்ச் 4கே டிவி வாங்கிப் பத்து நாள் ஆகிறது. கடையில் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. வீட்டில் மாட்டிய பிறகு முகமெல்லாம் சிவந்து கிடக்கிறது, சினிமா போட்டால் சீரியல் மாதிரித் தெரிகிறது, கேபிள் சேனல் பழைய டிவியில் இருந்ததைவிட மோசமாக இருக்கிறது, ராத்திரி ஒரு மணி நேரம் பார்த்தால் கண் எரிகிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா, இல்லை செட்டிங்கிலேயே சரியாகுமா, சரியாகும் என்றால் எதில் என்ன நம்பர் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

கேபிள் தவிர மற்றதெல்லாம் செட்டிங்கிலேயே சரியாகும். நீங்கள் சொன்ன நாலும் டிவியின் பழுது இல்லை. கேபிளுக்கு வேறு காரணம், அதைப் பிறகு சொல்கிறேன், மற்ற மூன்றுக்கும் காரணம், அந்த டிவியை ஃபேக்டரியிலிருந்து அனுப்பும்போதே கடைக்காக வைத்து அனுப்பியிருக்கிறார்கள், உங்கள் வீட்டு ஹாலுக்காக இல்லை. கடையில் சுவர் முழுக்க டிவி, மேலே வரிசையாக விளக்கு, பகல் மாதிரி வெளிச்சம். அந்த வரிசையில் எது அதிக வெளிச்சமாகவும் வெள்ளை கொஞ்சம் நீலம் தட்டியும் இருக்கிறதோ அதன் மேல்தான் கண் போகும், அது யாருடைய கண்ணாக இருந்தாலும் அப்படித்தான். அதனால் வெளிச்சம் உச்சத்தில், கலர் தூக்கலாக, ஓரங்கள் கத்தி மாதிரி, அசைவு எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்படி வைத்திருப்பார்கள். அதே டிவி ஒரு டியூப் லைட் எரிகிற ஹாலுக்கு வந்தால் கண் எரியத்தான் செய்யும். ஆகவே நாம் செய்யப்போகிற வேலையில் முக்கால்வாசி, கூட்டுவதும் சேர்ப்பதும் இல்லை, அவர்கள் சேர்த்து வைத்ததை ஒவ்வொன்றாக எடுப்பதுதான்.

நம்பர் கேட்டீர்கள், அதை மட்டும் நான் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு டிவி எடுத்து அருகருகே வைத்தாலே வெள்ளை ஒரே மாதிரி இருக்காது, பேனலுக்குப் பேனல் மாறும். அதோடு 50 என்ற நம்பருக்கு எல்லா டிவியிலும் ஒரே அர்த்தமும் கிடையாது. ஷார்ப்னஸை எடுத்துக்கொள்ளுங்கள், சோனியில் 50 என்றால் ஒன்றும் சேர்க்காத நடுநிலை, சாம்சங்கில் அதே நடுநிலை 0 பக்கத்தில். ஒன்றின் நம்பரை இன்னொன்றில் வைத்தால் படம் கெட்டுப்போகும். அதனால் எதைப் பார்த்து, எந்த வரிசையில் நகர்த்த வேண்டும் என்று சொல்கிறேன். வரிசை முக்கியம், ஏனென்றால் ஒன்றை மாற்றினால் அடுத்தது கொஞ்சம் நகரும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம் பார்த்துவிடுங்கள். முதல் தடவை டிவியை ஆன் செய்யும்போது, வீட்டு உபயோகமா கடை உபயோகமா என்று ஒரு கேள்வி வரும். மாட்ட வந்தவர் அவசரத்தில் கடை என்று அமுக்கிவிட்டுப் போயிருந்தால் நீங்கள் என்ன மாற்றினாலும் கொஞ்ச நேரத்தில் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தெரிந்த ஒரு வீட்டில் மூன்று மாதம் இப்படி ஓடியிருக்கிறது. அந்த வீட்டு அம்மா தினமும் சாயங்காலம் வெளிச்சத்தைக் குறைப்பார்கள், சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் மறுபடி பளீர் என்று எரியும். ரிமோட் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது ரிமோட்டே வாங்கிவிட்டார்கள். நான் போனபோது திரையின் ஒரு ஓரத்தில் டிவியின் சிறப்புகளைச் சொல்லும் பட்டை அவ்வப்போது வந்து போனது, அதுதான் அடையாளம். ஜெனரல் அல்லது சிஸ்டம் பகுதியில் டெமோ மோட், ரீடெயில் மோட், ஸ்டோர் மோட் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், ஹோம் என்று மாற்றினால் முடிந்தது.

அப்புறம் நேரம். பகல் 12 மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செட்டிங் செய்துவிட்டு ராத்திரி 9 மணிக்குப் படம் பார்த்தால் ஒத்துவராது. நீங்கள் வழக்கமாக எந்த நேரத்தில் அதிகம் பார்ப்பீர்களோ அந்த நேரத்தில், எந்த விளக்கு எரியுமோ அதை எரியவிட்டு, எந்த இடத்தில் உட்காருவீர்களோ அங்கேயே உட்கார்ந்து செய்யுங்கள். டிவி அரை மணி நேரமாவது ஓடிச் சூடாகியிருக்கட்டும்.

இப்போது பிக்சர் மோட். விவிட், டைனமிக், ஸ்டாண்டர்ட், ஸ்போர்ட்ஸ், சினிமா அல்லது மூவி என்று ஒரு பட்டியல் வரும். சில டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோட் என்றும் ஒன்று இருக்கும். இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் சினிமா. இது சினிமாவுக்கு மட்டும் என்று பெயரைப் பார்த்து நினைக்க வேண்டாம், செய்தி, சீரியல், பாட்டு எல்லாவற்றுக்கும் இதுதான் நல்ல அடித்தளம். ஃபிலிம்மேக்கர் மோட் என்பது டிவி கம்பெனிகளும் ஸ்டூடியோக்களும் சேர்ந்த யுஎச்டி அலையன்ஸ் 2019 ஆகஸ்டில் அறிவித்தது. கிறிஸ்டோபர் நோலன், மார்ட்டின் ஸ்கார்செஸி போன்ற இயக்குநர்கள் ஆதரவு தெரிவித்தார்கள். அதை எடுத்தால் டிவி தன் சொந்தக் கைவரிசையைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, வந்த படத்தை வந்தபடி காட்டும், அசைவை வழவழப்பாக்காது, ஓரத்தைக் கூர்மையாக்காது, அளவை இழுக்காது.

சினிமா மோடுக்கு மாற்றிய உடனே உங்களுக்குப் பிடிக்காது. படம் மஞ்சளடித்துப் போய், மங்கலாக, பழசு மாதிரித் தெரியும். வீட்டில் இருக்கிற எல்லாரும் ஏன் கெடுத்தாய் என்றுதான் கேட்பார்கள். இந்த இடத்தில்தான் பத்துப் பேரில் பெரும்பாலானவர்கள் திரும்ப விவிடுக்கே போய்விடுகிறார்கள். அது மஞ்சள் இல்லை, பத்து நாளாக நீல வெள்ளையைப் பார்த்துக் கண் பழகிவிட்டது, அவ்வளவுதான். டிவிக்கும் வீடியோவுக்கும் வெள்ளை என்றால் 6500 கெல்வின் (வெள்ளை மஞ்சள் பக்கமா நீலம் பக்கமா என்று சொல்லும் அளவு, நம்பர் ஏற ஏற நீலம்) என்று உலகம் முழுக்க ஒரே அளவு வைத்துத்தான் வேலை செய்கிறார்கள், நம் ஊர்ச் சேனல்களுக்கும் ஓடிடி தளங்களுக்கும் கலர் பார்க்கிறவரின் மானிட்டரும் அதே வெள்ளையில்தான் இருக்கும். கூல் என்ற கலர் டோன் அதைத் தாண்டி நீலத்துக்குப் போய்விடும். வார்ம் 2, எக்ஸ்பர்ட் 1, வார்ம் 50 என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருப்பதுதான் 6500க்குப் பக்கத்தில் வருவது.

நம்ப முடியவில்லை என்றால் இதைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை. நம் வீடுகளில் மாட்டியிருக்கும் எல்இடி டியூப் லைட் பெரும்பாலும் 6500கே என்று அட்டையிலேயே போட்டு விற்கிற கூல் டே லைட் ரகம். அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை எடுத்து டிவிக்குப் பக்கத்தில், திரையின் ஓரத்தை ஒட்டிப் பிடியுங்கள். டிவியில் வெள்ளைப் பின்னணி வரும் எதையாவது நிறுத்தி வையுங்கள், யூடியூபில் வெள்ளைத் திரை என்று தேடினாலே கிடைக்கும். இப்போது கலர் டோனை கூலில் வையுங்கள். பக்கத்தில் உள்ள தாள் பழுப்பு மாதிரித் தெரியும், திரை சொட்டு நீலம் அதிகம் போட்ட வேட்டி மாதிரி இருக்கும். வார்ம் 2க்கு மாற்றுங்கள், இரண்டும் நெருங்கி வருவதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். தாளிலும் கொஞ்சம் நீலப் பூச்சு இருக்கும், டியூப் லைட்டும் அச்சு அசலாக 6500 இருக்காது, அதனால் இதை வைத்து நுணுக்கமாகச் சரி செய்ய முடியாது. ஆனால் எந்தப் பக்கம் உண்மை, எந்தப் பக்கம் மிகை என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு வாரம் வார்மில் விட்டுப் பாருங்கள், அதன் பிறகு ஒரு தடவை கூலுக்குப் போனால் ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். முகம் முகத்தின் நிறத்தில் தெரிவதும் இதில்தான். மாநிறமும் கறுப்புமான நம் முகங்களை விவிடும் கூலும் சேர்ந்து கெடுக்கிற அளவுக்கு வேறு எதுவும் கெடுப்பதில்லை. கலரைத் தூக்கினால் சிவக்கிறது, வெள்ளையில் நீலம் ஏறினால் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடுகிறது.

அடுத்து, அட்வான்ஸ்ட் அல்லது எக்ஸ்பர்ட் செட்டிங்ஸ் உள்ளே போய் டைனமிக் கான்ட்ராஸ்ட், பிளாக் ஸ்ட்ரெச், லைவ் கலர், கலர் என்ஹான்சர், சூப்பர் ரெசல்யூஷன் என்று எது கண்ணில் பட்டாலும் ஆஃப். லோக்கல் டிம்மிங் என்று இருந்தால் அதை மட்டும் விட்டுவையுங்கள், அது திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கைப் பகுதி பகுதியாகக் குறைக்கிற வேலை, கறுப்பு கறுப்பாக வர உதவும். விலை குறைந்த டிவிகளில் விளக்கு ஓரத்தில் மட்டும் இருப்பதால் சில நேரம் பட்டை பட்டையாக வெளிச்சம் தெரியும், அப்போது லோவில் வைத்தால் போதும். எக்கோ மோட், பவர் சேவிங், லைட் சென்சார் இவை பல டிவிகளில் பிக்சர் மெனுவில் இருக்காது, ஜெனரலில் ஒளிந்திருக்கும். இவை ஆனில் இருந்தால் நீங்கள் வெளிச்சத்தை ஒரு அளவில் வைப்பீர்கள், அது தன் இஷ்டத்துக்குக் குறைக்கும் கூட்டும், செட்டிங் செய்து முடிக்கவே முடியாது. செட்டிங் முடியும் வரையாவது ஆஃப் செய்துவிடுங்கள். மின்சாரக் கவலை இருந்தால் பேக்லைட்டைக் குறைப்பதே பெரிய மிச்சம், எல்இடி டிவியில் மின்சாரத்தை அதிகம் இழுப்பது அதுதான்.

இனி பேக்லைட், பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட். இந்த மூன்றிலும்தான் குழப்பம் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். டயனோரா, சாலிடேர் காலத்துப் பிக்சர் டியூப் டிவிகளில் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், கலர் என்று திருகுகிற குமிழ்கள் இருந்தன. அதில் பிரைட்னஸ் என்பது உண்மையில் கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்கான குமிழ். அதைக் கூட்டினால் கறுப்பும் சேர்ந்து சாம்பலாக எழும்பி வரும். கான்ட்ராஸ்ட்தான் வெள்ளையை ஏற்றி இறக்குவது. தட்டை டிவி வந்தபோது திரைக்குப் பின்னால் தனியாக ஒரு விளக்கு வந்துவிட்டது, அதற்குப் பேக்லைட் என்று மூன்றாவது ஒன்று சேர்ந்தது. பழைய பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது சில கம்பெனிகள் அந்தப் பெயரையும் மாற்றிவிட்டன. சோனியில் பிரைட்னஸ் என்றால் பின் விளக்கு, கறுப்புக்கு பிளாக் லெவல் என்று தனியாக இருக்கும். சாம்சங்கின் புது மாடல்களில் பிரைட்னஸ் பின் விளக்கு, இருட்டுப் பகுதிகளுக்கு ஷேடோ டீடெயில். இன்னும் பல டிவிகளில் பழையபடி பிரைட்னஸ் என்பது கறுப்புதான். உங்கள் டிவியில் எது எது என்று கண்டுபிடிக்க ஒரு இருட்டான காட்சியை நிறுத்தி வைத்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். கறுப்பில் இருக்கும் விவரங்கள் மறைந்து மறைந்து வந்தால் அது கறுப்புக்கானது. மொத்தப் படமும் விளக்கைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி சமமாக மாறினால் அது பின் விளக்கு.

பின் விளக்கு முழுக்க உங்கள் அறையைப் பொறுத்தது, இதில் சரி தப்பு கிடையாது. ஸ்டூடியோவில் சாதாரணப் படத்துக்குக் கலர் பார்க்கிறவர்கள் மங்கிய அறையில் வெள்ளையை 100 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் வைத்துப் பார்ப்பார்கள், விவிடில் உங்கள் டிவி அதைப்போல மூன்று நாலு மடங்கு தள்ளிக்கொண்டிருக்கும். கண் எரிவதன் முக்கியக் காரணம் இதுதான். ராத்திரியில் வெள்ளைப் பின்னணி உள்ள ஒரு விளம்பரம் வரும்போது கண்ணைச் சுருக்காமல் பார்க்க முடிகிற இடம் வரைக்கும் இறக்குங்கள். பகலில் ஹாலுக்கு வெயில் வருகிறது என்றால் பகலுக்கு இன்னொரு மோடில், ஸ்டாண்டர்ட் அல்லது எக்ஸ்பர்ட் பிரைட் ரூம் மாதிரி ஒன்றில், இதே செட்டிங்கை வைத்துப் பின் விளக்கை மட்டும் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன வெள்ளை எல்இடி மங்கலாக எரியட்டும், கண்ணுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

கறுப்பைச் சரி செய்ய நான் பார்ப்பது தலைமுடி. ராத்திரிக் காட்சியில், கறுத்த பின்னணிக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். கறுப்புக்கான செட்டிங்கை இறக்கிக்கொண்டே போனால் முடி எங்கே முடிகிறது, இருட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் எல்லாம் ஒரே மையாக ஆகிவிடும். அங்கிருந்து மெல்ல ஏற்றுங்கள், முடியிழைகள் பிரிந்து தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் படத்துக்கு மேலும் கீழும் இருக்கிற கறுப்புப் பட்டை சாம்பலாகிவிடும், அதுவும் கூடாது. வெள்ளைக்கு வெயிலில் காய்கிற வெள்ளை வேட்டி, சட்டை மாதிரி ஏதாவது வருகிற காட்சி. கான்ட்ராஸ்ட் அதிகம் இருந்தால் துணியின் மடிப்பெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கும், இறக்கினால் மடிப்புகள் திரும்ப வரும். சினிமா மோடில் கான்ட்ராஸ்ட் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதிகம் நோண்ட வேண்டியிருக்காது. இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால் ஏவிஎஸ் எச்டி 709 என்று ஒரு இலவச டெஸ்ட் பேட்டர்ன் தொகுப்பு இருக்கிறது, பென் டிரைவில் போட்டு ஓட்டலாம். அதில் கறுப்புக்கான படத்தில் நம்பர் போட்ட பட்டைகள் மினுக்கும், 16 வரைக்கும் உள்ளவை கண்ணுக்குத் தெரியக் கூடாது, 17 மங்கலாகத் தெரிய ஆரம்பிக்க வேண்டும். வெளிச்சத்தை 0 முதல் 255 வரை எண்ணுகிற கணக்கில், வீடியோவில் கறுப்பு என்பதே 16ல்தான் ஆரம்பிக்கிறது, வெள்ளை 235ல். இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கலும் உண்டு. செட்டாப் பாக்ஸ் ஒரு கணக்கிலும் டிவி இன்னொரு கணக்கிலும் இருந்தால், என்ன செய்தாலும் படம் வெளிறிப்போய் இருக்கும், அல்லது இருட்டெல்லாம் மொத்தையாக இருக்கும். அப்போது எச்டிஎம்ஐ பிளாக் லெவல், வீடியோ ரேஞ்ச் என்று இருப்பதை ஆட்டோவில் வையுங்கள், சரியாகவில்லை என்றால் லோ அல்லது லிமிடெட்.

கலரைச் சினிமா மோடில் வந்த அளவிலேயே விட்டுவிடுங்கள். டின்ட் என்று ஒன்று இருக்கும், நடுவில் இருக்கட்டும், தொடவே வேண்டாம்.

ஷார்ப்னஸ் என்ற பெயர்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. கூட்டினால் படம் தெளிவாகும் என்று நினைப்போம். அது இல்லாத விவரத்தைக் கொண்டுவராது, இருக்கிற ஓரங்களைச் சுற்றி ஒரு கோடு போடும், அவ்வளவே. சப்டைட்டில் வரும்போது திரைக்குப் பக்கத்தில் போய் நின்று ஒரு எழுத்தைப் பாருங்கள். ஷார்ப்னஸ் அதிகமாக இருந்தால் வெள்ளை எழுத்தைச் சுற்றிப் பேய் மாதிரி இன்னொரு விளிம்பு தெரியும், ஆள் வானத்துக்கு முன்னால் நின்றால் தோளைச் சுற்றியும் அதே வெள்ளைக் கோடு ஓடும். அந்தக் கோடு மறைகிற வரைக்கும் இறக்குங்கள், மறைந்த இடம்தான் உங்கள் டிவியின் நடுநிலை.

இனி சினிமா சீரியல் மாதிரி இருப்பது. உங்கள் கண் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். நம் ஊர் டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் முறை, வீடியோ கேமராவில் எடுத்த சீரியலும் செய்தியும் விளையாட்டும் நொடிக்கு 50 தனித்தனி அசைவுகளோடு வரும். சினிமாவின் அந்த மெல்லிய தட்டுத்தடுமாறல்தான் சினிமா என்று நம் மூளைக்குச் சிறு வயதிலிருந்தே பழகிய அடையாளம். புது டிவி என்ன செய்கிறது என்றால் 24 ஃபிரேம்களுக்கு இடையில் தானே கணக்குப் போட்டுப் புது ஃபிரேம்களைத் தயாரித்து நுழைக்கிறது. கேமராவே பார்க்காத ஃபிரேம்கள் அவை. அதனால்தான் கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் சீரியல் செட்டில் எடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. இது இயக்குநர்களுக்கும் வயிற்றெரிச்சல்தான், 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து ஒரு வீடியோவே போட்டார்கள், வீட்டில் படம் பார்க்கும்போது இதை அணைத்துவிடுங்கள் என்று.

பெயர்தான் கம்பெனிக்கு ஒன்று. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி, பழைய மாடலில் ஆட்டோ மோஷன் பிளஸ், மற்ற பலவற்றில் எம்இஎம்சி. ஆஃப் செய்யுங்கள். ஆஃப் செய்ததும் கேமரா மெல்லத் திரும்புகிற காட்சிகளில் படம் கொஞ்சம் இழுத்து இழுத்துப் போகிற மாதிரித் தோன்றலாம். திரை நொடிக்கு 60 தடவை புதுப்பித்துக்கொண்டால் 24ஐ அதில் சமமாகப் பங்கு போட முடியாது, ஒரு ஃபிரேமை இரண்டு தடவையும் அடுத்ததை மூன்று தடவையும் காட்ட வேண்டியிருக்கிறது, அந்த ஏற்றத்தாழ்வுதான் கண்ணில் படுகிறது. நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கிற 120 ஹெர்ட்ஸ் பேனல் என்றால் ஒவ்வொன்றையும் ஐந்து தடவை காட்டிவிடலாம், இந்தச் சிக்கல் இல்லை. அந்த இழுப்பு உங்களைத் தொந்தரவு செய்தால் மிகக் குறைந்த அளவில், கஸ்டமில் 1 அல்லது 2ல் வைத்துப் பாருங்கள்.

கிரிக்கெட்டுக்கு இது வேண்டுமே என்று சொல்வார்கள். எனக்கு அதிலும் உடன்பாடு இல்லை. எச்டி கிரிக்கெட் ஒளிபரப்பு ஏற்கெனவே 50 அசைவுகளோடு வருகிறது, டிவி புதிதாக எதையும் கற்பனை செய்யத் தேவையில்லை. பந்து சின்னது, வேகமானது, பின்னால் கூட்டம். டிவி கணக்குப் போடும்போது தப்புவது பந்தைத்தான். கூட்டத்தின் மேல் உயரே போகிற பந்து நடுவில் ஒரு கணம் காணாமல் போய் அப்புறம் தெரிந்தால், அல்லது மட்டையைச் சுற்றிக் காற்று நெளிகிற மாதிரித் தெரிந்தால் அது இதன் வேலை. கேம் கன்சோல் வைத்திருக்கிறீர்கள் என்றால் கேம் மோட் போடுங்கள், பட்டனை அமுக்குவதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள தாமதம் குறையும்.

இப்போது கேபிள். இதில் ஓரளவுக்கு மேல் சரி செய்ய முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன் என்று கணக்கைப் பார்த்தாலே புரியும். எச்டி இல்லாத சாதாரண எஸ்டி சேனலின் படம் அதிகபட்சம் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். உங்கள் 4கே திரை 3840க்கு 2160, மொத்தம் 82,94,400. வகுத்துப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு. திரையில் தெரிகிற இருபது புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் சேனலில் இருந்து விவரம் வருகிறது, மீதி பத்தொன்பதையும் டிவி பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. பழைய 24 அல்லது 32 இஞ்ச் டிவியில் அதே படம் சின்ன இடத்தில் அடங்கியிருந்ததால் குறை தெரியவில்லை. அதோடு ஒரே கேபிளில் நூற்றுக்கணக்கான சேனல்களை அடைப்பதற்காக ஒவ்வொன்றையும் நசுக்கித்தான் அனுப்புகிறார்கள், அதனால்தான் வேகமான பாட்டில் முகத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாக உடைகிறது.

செய்யக்கூடியது மூன்று. முதலில் பாக்ஸிலிருந்து டிவிக்கு எந்த ஒயர் போகிறது என்று பாருங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்று முனை ஒயர் என்றால், எச்டி பாக்ஸாகவே இருந்தாலும் எஸ்டி தான் வரும். பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று பாருங்கள், பலர் வீட்டில் இருந்தும் குத்தாமல் விட்டிருப்பார்கள். இரண்டாவது, பாக்ஸின் சொந்த மெனுவில் வீடியோ அவுட்புட் 576 என்று இருந்தால் 1080க்கு மாற்றுங்கள். மூன்றாவது, நீங்கள் நிஜமாகப் பார்க்கிற ஐந்தாறு சேனலுக்கு மட்டும் எச்டி எடுத்துக்கொள்ளுங்கள், எச்டி என்றால் 1920க்கு 1080, திரையின் நாலில் ஒரு பங்கு விவரம், எஸ்டியைப்போல ஐந்து மடங்கு. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற வித்தியாசம் அது. எஸ்டி சேனலுக்கு மட்டும் நாய்ஸ் ரிடக்ஷனை, எம்பெக் நாய்ஸ் ரிடக்ஷனை லோவில் வைக்கலாம், எச்டிக்கும் ஓடிடிக்கும் வேண்டாம், முகத்தில் இருக்கிற இழைகளையெல்லாம் மெழுகு தடவிய மாதிரி ஆக்கிவிடும். உட்காரும் தூரமும் பாருங்கள். 55 இஞ்சுக்கு ஏழெட்டு அடி 4கே படத்துக்கும் ஓடிடிக்கும் அருமையான தூரம், எஸ்டிக்குப் பத்து அடி தாண்டினால்தான் கண்ணுக்குப் பொறுக்கும்.

கேபிளோடு சேர்ந்து பிக்சர் சைஸையும் பார்த்துவிடுங்கள். செய்திச் சேனலில் கீழே ஓடுகிற ஃபிளாஷ் நியூஸ் வரி பாதி வெட்டுப்பட்டு, எழுத்தின் கால் தெரியாமல் இருக்கிறதா? பிக்சர் டியூப் காலத்தில் ஓரங்கள் திரைச் சட்டத்துக்குள் மறைந்துபோகும்படி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுவார்கள், அந்தப் பழக்கம் இன்னும் டிவிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓரம் வெட்டுப்படுவது மட்டுமில்லை, மொத்தப் படத்தையும் இழுத்துப் பெரிதாக்குவதால் தெளிவும் குறைகிறது. ஜஸ்ட் ஸ்கேன், ஃபிட் டு ஸ்கிரீன், ஃபுல் பிக்சல் என்று இருப்பதை ஆன் செய்தால் அந்த வரி முழுதாகத் தெரியும்.

பழைய படங்கள் போடும்போது இரண்டு பக்கமும் கறுப்பு வருகிறது என்று சிலர் 16:9க்கு, அதாவது திரை முழுக்க, இழுத்துவிடுவார்கள், தயவுசெய்து வேண்டாம். தமிழில் சினிமாஸ்கோப் படம் வந்ததே 1973ல்தான், அதற்கு முந்தைய படங்களின் சட்டம் கிட்டத்தட்டச் சதுரம். அதை இழுத்தால் சிவாஜியும் சாவித்திரியும் பக்கவாட்டில் உப்பித் தெரிவார்கள். அதே மாதிரி சினிமாஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது டிவியின் குறை இல்லை, ஜூம் செய்தால் பட்டை போகும், கூடவே இரண்டு ஓரத்தில் நிற்கிற ஆட்களும் போய்விடுவார்கள்.

எச்டிஆர், அதாவது மிக வெளிச்சமும் மிக இருட்டும் ஒரே காட்சியில் தெரியும்படி தயாரிக்கிற படம், அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஓடிடியில் போட்டதும் படம் திடீரென்று இருட்டாகிவிட்டது என்ற அடுத்த கேள்வி நிச்சயம் வரும். எச்டிஆர் படம் ஆரம்பித்ததும் டிவி வேறு ஒரு செட்டிங் தொகுப்புக்குப் போய்விடும், நீங்கள் இதுவரை செய்தது அங்கே இருக்காது. எச்டிஆரிலேயே எச்டிஆர்10 என்ற வகைக்கு ஒன்று, டால்பி விஷன் என்ற வகைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும், அதனால் அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவுக்குள் போய்ச் சினிமா மோட், வார்ம், மோஷன் ஆஃப் எல்லாவற்றையும் இன்னொரு முறை வையுங்கள். இங்கே ஒரே ஒரு வித்தியாசம், பின் விளக்கு உச்சத்திலேயே இருக்கட்டும். எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட், சிலவற்றை 4000 நிட் வரை வெளிச்சம் வரும் மானிட்டரில் பார்த்துத் தயாரிக்கிறார்கள். நம் பட்ஜெட்டில் வாங்குகிற பல 4கே டிவிகள் 300 நிட் பக்கத்தில்தான் நிற்கின்றன. அதற்குள் மொத்தத்தையும் அடக்க வேண்டியிருப்பதால்தான் மங்குகிறது. எச்டிஆர் டோன் மேப்பிங், டைனமிக் டோன் மேப்பிங் என்று இருந்தால் அதை ஆன் செய்யலாம், நான் எல்லாவற்றையும் ஆஃப் செய்யச் சொன்னதில் இது விலக்கு. அப்படியும் இருட்டாகவே இருந்தால் முடிந்தவரை அறை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. எச்டிஎம்ஐ 1ல் கேபிள், எச்டிஎம்ஐ 2ல் வேறு ஏதாவது, டிவிக்குள்ளேயே இருக்கிற ஆப்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பல டிவிகள் தனித்தனிச் செட்டிங் வைத்திருக்கும். அப்ளை டு ஆல் இன்புட்ஸ் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஒரு தடவை அமுக்கினால் போதும், இல்லையென்றால் ஒவ்வொரு இன்புட்டுக்கும் போய் வைக்க வேண்டும். முடித்ததும் மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் வந்து சில நேரம் எல்லாம் அழிந்துவிடும், அல்லது வீட்டுக்கு வந்த யாராவது ரிமோட்டை எடுத்து விவிட் போட்டுவிடுவார்கள், அந்தப் போட்டோ இருந்தால் ஐந்து நிமிட வேலை. இந்த வாரம் இதையெல்லாம் வைத்துவிட்டு அடுத்த வாரம் அதே சிவந்த முகம் வந்த படத்தை, அதே காட்சியை, அதே நேரத்தில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அப்போதும் முகம் சிவப்பாகத்தான் இருக்கிறது என்றால் டிவி மாடலையும் அந்தக் காட்சியை எதில் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், பேனலில் ஏதாவது இருக்கிறதா என்று அப்போது பார்க்கலாம்.